போண்டா எழுத்தும் நாற்பது மெஷின்களும்

இன்றைக்கும் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக உன் பெயரின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். சுவரில் உன் படத்துக்குக் கீழே நானே வெட்டி ஒட்டிய பெயர். முதல் எழுத்தின் இடது மேல் முனை தினமும் கொஞ்சம் கிளம்பி, நாய்க்குட்டியின் காது மாதிரி மடிந்து நிற்கிறது. அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது, மறுநாள் வந்து பார்த்தால் மறுபடியும் அதே கதை. ஒட்டி எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. நான் அழுத்தும்போதெல்லாம் நீ மேலிருந்து சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. சிரிக்காதே. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது.

இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? வீட்டுக்காரரிடம் காட்டித் தீர்த்தாயிற்று. மனுஷன் ஒரு வாரமாகத் தட்டில் போட்டதை வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறார். மிச்சம் முழுக்க உனக்குச் சேரவேண்டியது. செத்துப்போனவளுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் கேட்டதற்கெல்லாம் நீ நேராகப் பதில் சொன்னாயா என்ன?

முதலிலிருந்தே வருகிறேன். இல்லையென்றால் மறந்துவிட்டதாக நடிப்பாய்.

பாகலூர் ரோட்டில் நாம் இரண்டு பேரும் இந்த ஸ்டிக்கர் கடையைத் திறந்தபோது நெடுஞ்சாலையை நாலுவழியாக்க இருபுறமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். கடைக்குள் இருக்கிற எல்லாவற்றின்மீதும் ஒரு விரற்கடை செம்மண் தூசி. அந்தத் தூசியில் கம்ப்யூட்டரைத் துடைத்துத் துடைத்து வேலை பார்த்தோம். வண்டிக்கு நம்பர் பிளேட், கடைக் கண்ணாடிக்கு எழுத்து, தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு போர்டு. நான் கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்துக் கொடுத்தால், கட்டிங் மெஷின் அதைக் கலர் ஸ்டிக்கர் தாளில் கத்தியால் கீறிக் கொடுக்கும். வேண்டாத இடத்தை உரித்துப் போட்டுவிட்டு எழுத்தை மட்டும் கொண்டுபோய் ஒட்டவேண்டும். கட்டிங் மெஷின் நீ கொண்டுவந்தது. எழுத்து நான் கொண்டுவந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் ஆறு வருஷம் டிடிபி பார்த்தவள் நான். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது பாத்திர பண்டத்தோடு இருநூறு தமிழ் ஃபான்ட் அடங்கிய ஒரு சிடியையும் புடவைக்கு நடுவில் வைத்து எடுத்துவந்தேன்.

நீ தளியைத் தாண்டி ஜவளகிரிப் பக்கத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம். தமிழ் எழுத்தை பஸ் போர்டு பார்த்துப் பழகினாய். கடைக்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தாய். ஷிப்ட் முடிந்ததும் மெஷினைத் துடைக்கிற வேலை. "செத்தாலும் இனிமே கம்பெனி கேட்ல போய் நிக்கமாட்டன். இந்தக் கடைதான் எனக்கு எல்லாம்" என்று திறந்த அன்றைக்கே சொன்னாய். சாதாரணமாகச் சொன்னதால் நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

வேலைப் பங்கீடு அன்றைக்கே முடிவாகிவிட்டது. நான் வெட்டுவேன், நீ ஒட்டுவாய். ஸ்கூட்டியில் ரோலைக் கட்டிக்கொண்டு நீ போய்விடுவாய். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். ஒட்டின இடத்தை நான் போய்ப் பார்த்ததே கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். என் கோபத்துக்கெல்லாம் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சிடியைப் போட்ட முதல் நாளே நீ இருநூறு ஃபான்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்றில் நின்றுவிட்டாய். இருந்திருந்து அதில் போயா நிற்பாய்? பெயர் ஏதோ நம்பராக இருந்தது. கோட்டில் மெலிவு, தடிப்பு என்ற பேச்சே கிடையாது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே கனம். முனையெல்லாம் விரல் நுனி மாதிரி உருண்டை. 'ட' என்கிற எழுத்து தமிழில் எவ்வளவு கம்பீரமாக ஒரு மூலையோடு நிற்கிறது! அதைக்கூட முழங்கையை மடக்கிவைத்தாற்போல் ஆக்கியிருந்தது. 'ப' குளிக்கிற தொட்டி. 'ழ' நிறைமாதக்காரி. 'ண'வின் சுழிகளுக்குள் இருக்கவேண்டிய இடைவெளி, அதாவது எழுத்தின் கண், ஊசி நுழைகிற அளவுக்கு அடைந்துகிடந்தது. சிவகாசியில் அதை மத்தாப்புப் பெட்டியின்மேல் போடுவோம், அதுவும் சின்னப் பிள்ளைகள் கொளுத்துகிற மத்தாப்புக்கு மட்டும்.

"ஏ சிவகாசி, இது யாரு? நல்லா தின்னு வளந்த வூட்டுப் பொண்ணு மாதிரி இருக்குதே" என்றாய்.

"அது போண்டா. மாவுல முக்கிப் பொரிச்சு எடுத்தாப்புல இருக்கு. மூடி வை அங்கிட்டு" என்றேன்.

என் வாய்தான் எனக்கு எதிரி. அன்றையிலிருந்து அதற்குப் போண்டா என்றே பெயர் நிலைத்தது. எனக்குப் பிடித்த ஃபான்ட் ஒன்று இருந்தது. தடித்துத் தொடங்கி மெலிந்து, கூரான முனையில் முடியும். வாத்தியார் கரும்பலகையில் எழுதின மாதிரி ஒரு கண்டிப்பு இருக்கும் அதில். அதற்கு நீ பதிலுக்கு 'முள்ளு' என்று பெயர் வைத்தாய். அதற்குப் பிறகு நம் கடையில் இருநூறு ஃபான்ட் இருந்தும் சண்டை இரண்டுக்குத்தான். ஒவ்வொரு ஆர்டருக்கும் போண்டாவா, முள்ளா?

எல்கேஜி பள்ளி வேனுக்குப் போண்டா போட்டாய், சரி. பேக்கரி, ஜூஸ் கடை, குழந்தைத் துணிக்கடை, எல்லாம் சரி. அந்த எழுத்துக்கே ஒரு பண்டத்தின் குணம் உண்டு, பார்த்தால் பசிக்கும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அதோடு நின்றாயா? பல் ஆஸ்பத்திரிக்குப் போண்டா. ஹாலோ பிளாக் கம்பெனிக்குப் போண்டா. சானமாவுப் பக்கம் யானை நடமாடும் இடம், மெதுவாகச் செல்லவும் என்று ஒரு போர்டு கேட்டார்கள், அதற்கும் போண்டா. ஏதோ யானைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற மாதிரி இருந்தது அந்த போர்டு. கேட்டால், "ரெண்டும் குண்டுதானே, பொருத்தமா இருக்குது வுடு" என்றாய். தலையில் அடித்துக்கொண்டேன்.

அமரர் ஊர்திக்கும் நீ அதையே போட்டபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாவு வண்டி! கறுப்பு வண்டியின் நெற்றியில் வெள்ளைப் போண்டா எழுத்து, கொழுகொழுவென்று. நான் முள்ளில் அமைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் நீ மாற்றி வெட்டி ஒட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாய்.

"செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமாடி?" என்று கத்தினேன்.

"செத்தவங்களுக்கா எழுதறம்? எதிர்ல வர்ற லாரிக்காரனுக்கு எழுதறம். அவன் படிச்சி ஒதுங்கிப் போனா அதான் மரியாதை" என்றாய், டீயை உறிஞ்சிக்கொண்டே.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பதினோரு நாள் கடைப்பக்கம் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து பார்த்தால், நீ ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, ஒரு நம்பர் பிளேட்டுக்கு அரை நாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முகம் காய்ந்துபோயிருந்தது. "வந்தியா, உக்காரு" என்று நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம்தான் அந்த ஆர்டர் வந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கம்பெனி. தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் நாற்பது. ஒவ்வொரு மெஷினிலும் தகட்டை வைக்கிற வாய்க்கு மேலே நீளவாக்கில், 'கையை உள்ளே விடாதீர்' என்று சிவப்பில் ஒரு வரி. இவர் ஒன்பதாம் நம்பர் மெஷினில் நிற்கிறவர். தினமும் எட்டு மணி நேரம் இவர் கை அந்த வாய்க்கு ஒரு ஜாண் தள்ளி நிற்கிறது. அந்த வரி எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரவேண்டுமா?

"இதுக்கு முள்ளுதான். பாத்ததும் கை பின்னால போகணும். போண்டாவைப் போட்டா எவன் பயப்படுவான்? எண்ணெய்ச் சட்டின்னு நெனச்சுக் கைய விடுவான்" என்றேன்.

நீ வழக்கம்போலச் சிரிக்கவில்லை. ஸ்டிக்கர் ரோலின் மூலையை நகத்தால் நிமிண்டிக் காட்டினாய். "இங்க பாரு. மூலை இருந்தா மாட்டும். ஷிப்டு முடிஞ்சா காட்டன் வேஸ்ட்ட வெச்சி மெஷின அழுத்தித் தொடைப்பாங்க. நான் தொடச்சிருக்கறன், எனக்குத் தெரியும். எண்ணெய் எறங்கி, கூரா இருக்கற எடம்தான் மொதல்ல தூக்கும். தூக்குனா துணி இழுத்துக்கினு வந்துடும். உருண்டைக்கு மூலை கிடையாது, இழுக்க எடம் குடுக்காது."

"அதெல்லாம் நல்லா ஒட்டுனா ஒட்டும்."

"இன்னொண்ணு. உனக்கு எழுத்துன்னா படிக்கறது. அங்க நிக்கறவங்க பாதிப்பேரு கர்நாடகா, ஆந்திரா. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எழுத்துன்னா பாக்கறது. கொழுகொழுன்னு தடியா இருந்தாதான் கண்ணுல படும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவர் என் புருஷன், என் ஊர் எழுத்து, என் வேலை. "இந்தா பாரு, முள்ளுலதான் போகுது. என் எழுத்துல ஒண்ணே ஒண்ணு உரிஞ்சாலும் அன்னைக்கே நான் பெட்டியக் கட்டிக்கிட்டு சிவகாசி போயிருவேன். கடையும் வேணாம், உன் சங்காத்தமும் வேணாம். எங்கப்பா மேல சத்தியம்" என்றேன்.

நீ ரோலை மெஷினில் மாட்டிக்கொடுத்தாய். "சரி, முள்ளே போடு" என்றாய். கொண்டுபோய் நாற்பதையும் ஒட்டிவிட்டு வந்தாய்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். ஆறு வருஷமும் நமக்குள் போண்டாச் சண்டை வரும்போதெல்லாம் நான் ஒரே ஒரு ஆயுதத்தைத்தான் எடுத்தேன். "நாப்பது மெஷின். எண்ணெய், தூசி, துணி. என் எழுத்துல ஒண்ணு உரிஞ்சுதா?" என்பேன். நீ முகத்தைத் துளிகூட மாற்றாமல், "ஒண்ணுகூட உரியல" என்பாய். "அப்ப மூலை இருந்தா மாட்டும்னியே?" "தப்பா சொல்ட்டன்." கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் எதிரிலேயே சொன்னேன். நீயும் தலையாட்டினாய். ஒரு தடவை, காவேரிப்பட்டினத்திலிருந்து மாம்பழக்கூழ் கம்பெனிக்காரர் வந்து கேட்டபோது, "எங்க சிவகாசி வெட்டுனா வெட்டுனதுதான் சார், அசையாது" என்று நீயே சான்றிதழ் கொடுத்தாய். பாவி, பாவி.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் உன்னை அமரர் ஊர்தியில் கொண்டுவந்தார்கள், நீ எழுதிய அதே வண்டியில். எதிரே வந்த லாரியெல்லாம் ஒதுங்கி நின்றதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அதைப் பற்றி யோசிக்கிற நிலை இல்லை. உன் படத்தைக் கடையில் மாட்டி, பெயரை முள்ளில் வெட்டி ஒட்டினேன். உனக்காவது ஒரு மரியாதை நடக்கட்டும் என்றுதான்.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து போன். மெஷினுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள், ஸ்டிக்கர் மறுபடி வேண்டும். அளவெடுக்க நான்தான் போகவேண்டும். வேறு யார் இருக்கிறார்கள் ஒட்டுவதற்கு? ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த கேட்டுக்குள் நுழைந்தேன். சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, "மேடம், அதே எழுத்துலயே போடுங்க. ஆறு வருசமா நாப்பது மெஷின்ல ஒரு எழுத்து தூக்கல. எண்ணெயில ஊறிக் கெடக்குது, அப்பவும் அப்படியே இருக்குது" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்க எழுத்து அப்படித்தான் சார். சிவகாசி எழுத்து" என்றேன். என்ன பெருமை! இருக்கிற பல்லெல்லாம் தெரிய நடந்துபோனேன்.

முதல் மெஷின். போண்டா.

இரண்டாவது மெஷின். போண்டா. மூன்று, நான்கு, ஐந்து, வரிசை முழுக்கச் சிவப்பாக, கொழுகொழுவென்று, உன் போண்டா. எண்ணெய் பட்டு மினுமினுத்துக்கொண்டு நாற்பது மெஷினிலும் உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பச்சைப் பெயின்டில் போண்டாவுக்குப் பின்னால் லேசான ஒரு தடம். என் முள்ளு எழுத்து கொஞ்ச நாள் ஒட்டியிருந்து போன இடம், கூரான முனையோடு, வெளிறித் தெரிந்தது.

ஒன்பதாம் நம்பரில் இவர் நின்றார். என்னைப் பார்த்ததும் கீழே குனிந்து ஸ்பானர் தேட ஆரம்பித்தார். ஸ்பானர் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எப்ப மாத்துனா?"

"ஒட்டி மூணு மாசத்துலயே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் கடைக்கு வந்தேன். நீ மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த. அவ இருந்தா."

பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கினேன். மூன்று மாதத்தில் என் எழுத்தெல்லாம் கிளம்ப ஆரம்பித்துவிட்டதாம். துடைக்கிற துணியோடு ஒவ்வொன்றாகப் போயிருக்கிறது. ஒன்பதாம் நம்பர் மெஷினில் வரியின் பின்பாதி சுத்தமாக இல்லை. இவருக்கு அடுத்த ஷிப்டில் கர்நாடகாவிலிருந்து வருகிற ஒரு ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சிவப்பு எழுத்து எதுவரை இருக்கிறதோ அதுவரை கை வைக்கக் கூடாது என்றுதான் அவருக்குப் பழக்கம். எழுத்து இல்லாத பாதிப் பக்கம் கை விடலாம்போல இருக்கிறது என்று விட்டிருக்கிறார். மெஷின் கையுறையைப் பிடித்துக்கொண்டது. விரல் மயிரிழையில் தப்பியது.

படிக்கிறதில்லை, பாக்கறது. நீ சொன்னாய். என் முகத்துக்கு நேரே சொன்னாய்.

"நான் பதறிப்போய் வந்து அவகிட்டச் சொன்னேன். அந்தாளு விரலுக்கு ஒண்ணும் ஆகலியேன்னு மொதல்ல கேட்டா. அப்பறம், 'அண்ணா, இது அவளுக்குத் தெரிஞ்சா பெட்டியக் கட்டிடுவா, அப்பா மேல சத்தியம் பண்ணிருக்கறா. நீங்க சொல்லாதீங்க, நான் பாத்துக்கறன்'னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா" என்றார்.

"நீங்களும் ஆறு வருசம் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்தீங்களாக்கும்?"

"நீ போயிருவியோன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை. மெஷின் ஓடாத நாள் அதுதான். ஞாயிறுக்குப் பத்து மெஷின். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, மிச்சமிருந்த என் எழுத்தைச் சுரண்டி, எண்ணெயைத் தின்னரால் துடைத்து, உன் போண்டாவை ஒட்டியிருக்கிறாய். இவர் டார்ச் பிடித்திருக்கிறார். எனக்கு இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. "ஞாயித்துக்கெழமை அம்மா வூட்டுக்குப் போறன்" என்று நாலு வாரம் சொன்னாயே, அதுதானே அது? திங்கட்கிழமை வந்தால் உன் நகமெல்லாம் கறுப்பு. "அம்மா வீட்டுல போயி எண்ணெய்ச் சட்டியாடி கழுவுற?" என்று கேட்டேன். "ஆமா, அம்மாவுக்கு முடியல" என்றாய். அம்மா வீட்டிலிருந்து வெறுங்கையோடு வருகிறாயே என்று நான் குறை சொன்னதும், அடுத்த திங்கள் இரண்டு கிலோ அவரைக்காய் கொண்டுவந்தாய். அது ஓசூர் மார்க்கெட் பையில் இருந்தது. நான் அந்தப் பையைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மக்குச் சாம்பிராணி மாதிரி காயை எண்ணி உரித்துக் குழம்பு வைத்தேன். சிவப்பு ரோல் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று வேறு உன்னைத்தான் திட்டினேன், தாளை வீணாக்குகிறாய் என்று.

ஏன் சொல்லவில்லை? மறுநாளாவது, அடுத்த வருஷமாவது, ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏறும்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே! நான் போயிருப்பேனா என்ன? பதினோரு நாள் போனவள் பன்னிரண்டாம் நாள் வரவில்லையா? என்னை அவ்வளவு முரடி என்றா நினைத்தாய்? கேட்டுவிட்டு நானே யோசித்துப் பார்த்தேன். போயிருப்பேன். அந்த வயதில், அந்த வாயோடு, கட்டாயம் போயிருப்பேன். உன் கடை மூடியிருக்கும். நீ மறுபடி கம்பெனி கேட்டில் நின்றிருப்பாய். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. உன்னைத் திட்டிக்கொண்டே போனால் திட்டு கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

மறுநாள் வந்து கம்ப்யூட்டரைக் குடைந்தேன். நீ அந்த நாற்பது வரியையும் எங்கிருந்தோ வெட்டியிருக்கவேண்டுமே. எதில் சேமித்திருப்பாய், போண்டா என்ற பெயரிலா? அதில் இல்லை. கம்பெனி பெயரில் இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். 'அம்மா வீடு' என்று ஒரு ஃபைல் இருந்தது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்தால், அது சிடியில் இருக்கிற போண்டா இல்லை. 'ளே'வின் சுழி, 'கை'யின் வளைவு, 'வி'யின் வயிறு, எல்லாவற்றிலும் கண்ணைத் திறந்துவிட்டிருந்தாய். அடைந்துகிடந்த ஒவ்வொரு இடைவெளியையும் புள்ளி புள்ளியாக இழுத்துப் பெரிதாக்கியிருந்தாய், எண்ணெய் பட்டாலும் எழுத்து உருத் தெரிகிற அளவுக்கு. ஒற்றை விரலால் டைப் அடிக்கிறவளுக்கு அதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்! அந்தக் கண் அடைப்பைப் பற்றி கடை திறந்த நாளிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது யார்? நான்தான். நீ காதிலேயே வாங்குவதில்லை என்று நினைத்தேன். வாங்கியிருக்கிறாய். நான் சொன்னதை நீ கேட்டிருக்கிறாய். நீ சொன்னதைத்தான் நான் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு. புதுப் பெயின்ட் காய்ந்திருந்த முதல் பத்து மெஷினுக்கு நானே போய் ஒட்டினேன். உன் ஃபைலில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. இவர் டார்ச் பிடித்தார், அனுபவஸ்தர். முதல் வரியைக் கோணலாக ஒட்டினேன். பிறகு கை படிந்துவிட்டது. ஒன்பதாம் நம்பரில் ஒட்டிவிட்டு உள்ளங்கையால் தேய்த்தபோது எங்கேயும் ஒரு முனை கையில் தட்டவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த எழுத்தின் குணம் விளங்கிற்று. அது தன்னை யாரும் பிடித்து இழுக்க இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். உன்னை நான் எத்தனை இழுத்திருப்பேன்! இன்றைக்கு என் நகமெல்லாம் கறுப்பாக இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை. நீ எதைப் போட்டுக் கழுவினாய் என்று கேட்கலாமென்றால் அதற்கும் ஆள் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் எழுந்துபோனேன். நாற்காலிமேல் ஏறி, உன் படத்துக்குக் கீழே இருந்த முள்ளு எழுத்தைச் சூடுகாட்டி உரித்து எடுத்தேன். உன் பெயரைப் போண்டாவில் அடித்து, உன்னை மாதிரியே புள்ளி புள்ளியாக இழுத்து, கண்ணைத் திறந்து, சிவப்பில் வெட்டி ஒட்டினேன். செத்தவளுக்கு மரியாதை எங்கே என்று கேட்காதே. செத்தவங்களுக்கா எழுதறம்? தினமும் காலையில் எதிரே வந்து நிற்கிறவளுக்கு எழுதியிருக்கிறேன். அவள் படித்து ஒதுங்கிப் போகட்டும்.

கேலியாகத்தான் இருக்கிறது பார்க்க. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பெண் மாதிரிதான் இருக்கிறாய். மூலை எதுவும் இல்லை, இனிமேல் கிளம்புவதற்கு ஒன்றுமில்லை, நான் அழுத்தவும் தேவையில்லை.

ஆனாலும் நாளைக் காலையில் கடையைத் திறந்ததும் கட்டைவிரல் நேராக அங்கேதான் போகும். அதற்கு யார் போய்ச் சொல்வது?